ஒரு அடித் தூரமும் ஒரு அடிதான்

முதலில் டீயை ஊற்றிக்கொள்வோம். அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. ஆட்டமே நாலு நாள்.

2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை விடியற்காலை ஞாபகம் இருக்கிறதா? கோல்ஃப் மட்டையைக் கையால் தொட்டிராத நாமெல்லாம் தூக்கத்தை விட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் பதக்கத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார். உலகத் தரவரிசையில் அப்போது அவருக்கு 200-ஆவது இடம். ‘மைனஸ் 15 என்கிறார்களே, மைனஸ் என்றால் நல்லதா, கெட்டதா?’ என்று வீட்டுக்கு வீடு கேள்வி. அதிலிருந்தே தொடங்கலாம்.

ஒரு மைதானத்தில் 18 குழிகள். நன்றாக ஆடுகிறவர் இன்ன குழியில் இத்தனை அடிக்குள் பந்தைப் போட்டுவிடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு: 3, 4 அல்லது 5. அதற்குப் பெயர் பார். வீட்டில் மாசச் செலவுக்கு ஒதுக்கி வைக்கிற பணம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒதுக்கியதற்குள் முடித்தால் மிச்சம், அந்த மிச்சம்தான் மைனஸ். ஒரு அடி மிச்சமானால் பேர்டி, ஒரு அடி கூடிப்போனால் போகி. டோக்கியோவில் ஆடிய கசுமிகசெகி மைதானத்தின் பார் 71. நாலு நாளைக்கு 284. அதிதி அடித்தது 67, 66, 68, 68. கூட்டிப் பார்த்தால் 269, ஆக 15 அடி மிச்சம்.

இப்போது நம் எல்லோருக்கும் இருக்கிற அந்தத் தப்பெண்ணத்துக்கு வருவோம். கோல்ஃப் என்றதும் மனசில் வருகிற படம் என்ன? இடுப்பைத் திருப்பி, மட்டையைத் தோளுக்கு மேலே சுழற்றி, பந்து வானத்தில் மறைகிற வரை அண்ணாந்து பார்ப்பது. அதனால் யார் தூரமாக அடிக்கிறாரோ அவரே பெரிய ஆட்டக்காரர் என்று முடிவு கட்டிவிடுகிறோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த கண் இது. அங்கே தூரத்துக்கு ஆறு ரன் உண்டு. கோல்ஃபில் தூரத்துக்கு மதிப்பெண்ணே கிடையாது. 250 கஜம் பறந்த பந்துக்கும் கணக்கில் ஒன்று. குழியின் விளிம்பில் ஒரு அடித் தூரத்தில் நிற்கிற பந்தை மெல்லத் தட்டி உள்ளே விட்டால் அதற்கும் ஒன்று.

ஆட்டக்காரரின் பையில் 14 மட்டைகள் வரை இருக்கலாம். அந்த வானளாவிய அடிக்கு உரியது டிரைவர். குட்டைக் குழிகளில் அதற்கு வேலை இல்லை என்பதால் ஒரு நாளில் அதிகம் போனால் 14 தடவை வெளியே வரும். குழியைச் சுற்றி, ஒட்ட வெட்டிய புல் இருக்கிறதே, அதுதான் கிரீன். அங்கே பந்தை உருட்டுகிற புட்டர் நாளைக்கு ஏறக்குறைய 30 தடவை வெளியே வரும். 70 அடியில் 30 என்றால் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. மேலோட்டமாகப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது உருட்டி விளையாடுகிற வேலையாகத்தான் தெரியும்.

உருட்டுவது சுலபமா? குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர், நம் வீட்டு டபராவின் வாய் அகலத்துக்குச் சற்றுக் கூட. பந்து சின்ன எலுமிச்சம்பழம் அளவு. கிரீன் தட்டையாக இருக்காது. பழைய வீட்டு முற்றம் மாதிரி கண்ணுக்குத் தெரியாத வாட்டம் ஓடும். தண்ணீர் ஊற்றினால் எந்தப் பக்கம் வழியும் என்று பார்க்கிற பார்வை வேண்டும். முப்பது அடி தள்ளி இருக்கிற டபராவில் எலுமிச்சம்பழத்தை உருட்டிப் போட வேண்டும், தரையும் சாய்வு, உலகமும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கை நடுங்காமல் இருக்குமா!

அதிதியின் பலம் இங்கேதான். கொரோனா வந்து போன உடம்போடு டோக்கியோ போனவர் அவர். தூர அடியில் அந்தக் களத்திலேயே கடைசி வரிசை. கூட ஆடிய அமெரிக்காவின் நெல்லி கோர்டாவின் பந்து அவருடையதைத் தாண்டி நாற்பது, ஐம்பது கஜம் முன்னால் போய் விழும். கோல்ஃபில் குழிக்குத் தூரத்தில் இருப்பவர்தான் அடுத்து அடிக்க வேண்டும். ஆகவே அதிதி முதலில் அடித்து, கிரீனில் பந்தை நிறுத்தி, பின்னால் புட்டரை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் முடிவில் தனியாக இரண்டாம் இடம்.

கடைசி நாளில் கோர்டா மைனஸ் 17, தங்கம். ஜப்பானின் மோனே இனாமி, நியூசிலாந்தின் லிடியா கோ இருவரும் மைனஸ் 16. அதிதி 15. பதினெட்டாவது குழியில் பேர்டிக்கு உருட்டிய பந்து உள்ளே போகவில்லை. நாலு நாளில் 269 அடி, அதில் ஒன்று குறைந்திருந்தால் பதக்கப் போட்டியில் மூன்றாமவராகச் சேர்ந்திருப்பார். நாலாம் இடம். அன்று மாலையே நீரஜ் சோப்ராவின் ஈட்டி பறந்தது. காலையில் நடந்ததை ஊர் மறந்துவிட்டது. எனக்கு இதில் இன்னமும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

பையைச் சுமந்து கூடவே நடந்தவர் யார் தெரியுமா? அம்மா. 2016-இல் ரியோவில் அப்பா. அங்கே அதிதிக்கு 18 வயது, பெண்கள் களத்திலேயே இளையவர். ஒலிம்பிக்ஸில் பெண்கள் கோல்ஃப் 1900-க்குப் பிறகு மறுபடி நடந்ததே அந்த வருஷம்தான். பை சுமப்பவருக்குக் கேடி என்று பெயர். பல்லக்குத் தூக்கி என்று எண்ணிவிடாதீர்கள். காற்று எப்படி, தூரம் எவ்வளவு, எந்த மட்டை என்று காதோடு யோசனை சொல்கிற மந்திரி அவர். வாரக் கூலியும் உண்டு, பரிசுப் பணத்தில் பங்கும் உண்டு.

பணப் பேச்சு வந்துவிட்டதால் அதையும் பார்ப்போம். தொழில்முறை ஆட்டக்காரர் என்றதும் மாதச் சம்பளம் என்று நினைக்கிறோம். கிடையாது. சொந்தச் செலவில் கடை போட்டு, விற்றால்தான் காசு என்கிற சந்தை வியாபாரம் இது. விமானம், தங்கும் அறை, கேடி எல்லாம் தன் கையிலிருந்து, விளம்பரதாரர் கிடைத்தால் அவர் தயவில். இதில் ‘கட்’ என்றொரு கத்தி வேறு. நாலு நாள் போட்டியில் இரண்டு நாள் முடிந்ததும் ஏறக்குறைய முதல் 65 இடங்களில் இருப்பவர்கள் மட்டும் மேலே போவார்கள். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான், பெரும்பாலும் பரிசுப் பணம் ஒரு பைசா கிடையாது. அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதும் பல வாரம் ஒரு அடியில்தான் முடிவாகும்.

சந்தைக்குள் நுழையவே சீட்டு வேண்டும். அதற்குத் தகுதிப் போட்டி. அதிதி 2015 டிசம்பரில், 17 வயதில், மொராக்கோவில் நடந்த ஐரோப்பிய மகளிர் சுற்று என்கிற போட்டித் தொடரின் தகுதிப் போட்டியை வென்றார். 2016 பிறந்ததும் தொழில்முறைக்கு மாறினார். அந்த நவம்பரிலேயே குருகிராமில் இந்திய ஓபன் பட்டம். ஐரோப்பிய மகளிர் சுற்றில் ஒரு போட்டியை வென்ற முதல் இந்தியப் பெண் அவர்தான். சில நாளில் கத்தார் ஓபனும் வந்தது. 2017-இல் அமெரிக்காவின் எல்பிஜிஏ சுற்றுக்குள் போனார். அதன் பிறகு வாரம் ஒரு ஊர்.

இவ்வளவு நேரம் புட்டரைப் புகழ்ந்துவிட்டேன். அது காலை வாருகிற நாளும் உண்டு. ஹாங்சோ ஆசிய விளையாட்டில், 2023 அக்டோபர் 1 காலை, அதிதி ஏழு அடி முன்னிலையோடு இறங்கினார். முந்தின நாள் அடித்தது 61, அசகாய ஆட்டம். அன்றோ 77. ஏழு அடி மிச்சத்தையும் பதினெட்டுக் குழிகளில் தொலைத்து, இரண்டு அடி பின்தங்கி வெள்ளியோடு திரும்பினார். ஆசிய விளையாட்டு கோல்ஃபில் இந்தியப் பெண் ஒருவர் வாங்கிய முதல் பதக்கம் அது. வாங்கியவர் முகத்தில்தான் சிரிப்பில்லை.

அதே வருஷம் நவம்பர் கடைசியில் ஸ்பெயின் ஓபனை வென்றார். கடைசி நாள் 66. ஐரோப்பியச் சுற்றில் அது அவருடைய ஐந்தாவது பட்டம். இரண்டு அடி வித்தியாசத்தில் இரண்டாம் இடம் பிடித்தவர் நெதர்லாந்தின் ஆன் வான் டாம். பெண்கள் கோல்ஃபில் பந்தை மிகத் தூரம் அடிப்பவர்களில் ஒருவர்.