ஓவியர் கையில் பேஸ் கிட்டார்

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 'ரிவால்வர்' இசைத்தட்டு உறையைப் பார்த்திருக்கிறீர்களா? நான்கு முகங்கள், அடர்ந்த முடிக்கற்றைகளுக்குள்ளே குட்டிக் குட்டிப் படங்கள்! பேனாவால் அதை வரைந்தவர் ஜெர்மன் ஓவியர் கிளாஸ் வூர்மன். அந்த உறை பிறந்த கதையைப் பின்னாளில் சித்திரக்கதையாகவே போட்டுவிட்டார். அதே கை பேஸ் கிட்டாரும் வாசிக்கும். 1971இல், வங்கதேச அகதிகளுக்கு நிதி திரட்ட நியூயார்க்கில் பீட்டில்ஸில் இருந்த ஜார்ஜ் ஹாரிசனும் ரவிசங்கரும் கச்சேரி நடத்தினார்களே, அந்த மேடையில் இவரும் வாசித்தார். அன்று ரவிசங்கர் சிதாருக்குச் சுருதி சேர்த்து முடித்ததுமே, அதையே ஒரு பாட்டு என்று நினைத்துக் கைதட்டினார்களாம் ரசிகர்கள்! பழகாத இசைக்கும் அப்படிக் காது கொடுத்தார்களே, அது பெரிய மனசு. அந்தக் கச்சேரியின் இசைத்தட்டு விற்றுவரும் பணம் இன்றும் யுனிசெஃப் வழியாகக் குழந்தைகளுக்குத்தான் போகிறது.