கிளிஞ்சலைச் சுட்டால் காரை

காவிரி டெல்டாவில் தோண்டத் தோண்ட வண்டல்தான். சுண்ணாம்புக் கல்லுக்கு எங்கே போவது? கடலோரத்தில் கிளிஞ்சலைச் சுட்டார்கள். சுட்ட சுண்ணாம்பின் உபயோகம் ஊருக்கு ஊர் வேறு. அயர்லாந்தில் அந்தக் காலத்துக் குடியானவர்கள் அமிலம் ஏறிய நிலத்தைத் திருத்துவதற்காகத் தோட்டத்திலேயே சூளை போட்டுக் கல்லைச் சுட்டார்கள். கேரளத்துக் குட்டநாட்டு வயல்களில் இன்றும் அதே காரணத்துக்காகச் சுண்ணாம்பு இடுகிறார்கள். நம் பக்கம் அது சுவருக்கும் வெற்றிலைக்கும்தான் அதிகம் போனது.

கிளிஞ்சல் சுடும் காளவாய் என்பது அடியில் காற்றுக்கு வழிவிட்ட ஒரு வட்டச் சுவர், அவ்வளவுதான். கரியும் கிளிஞ்சலும் மாற்றி மாற்றிக் கொட்டித் தீயிட்டு, துருத்தியாலோ விசிறியாலோ ஊதுவார்கள். வெப்பம் 900 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது கிளிஞ்சலில் கட்டுண்டிருந்த கரியமில வாயு பிரிகிறது. சுத்தமான கிளிஞ்சல் 100 கிலோ போட்டால் 56 கிலோதான் மிஞ்சும். மீதி 44 கிலோ காற்றோடு போய்விடும். ஆனால் வெந்த கிளிஞ்சல் உருவம் மாறுவதில்லை. மேலே உள்ள வரிகூட அப்படியே இருக்கும்; எடைதான் குறைந்திருக்கும்.

வேடிக்கை தண்ணீர் தெளித்த பிறகுதான். சீறும், ஆவி கிளம்பும், ஓடு வெடித்து மாவாக உதிரும். சுண்ணாம்பு தாளிப்பது என்பது இதைத்தான். அப்போது எழும் சூட்டில் ஊற்றிய தண்ணீரே கொதிக்கும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. அப்பரை ஏழு நாள் நீற்றறையில், அதாவது சுண்ணாம்புக் காளவாயில், அடைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறதே, அந்தத் தண்டனையின் கொடூரம் காளவாய்ப் பக்கம் போனவர்களுக்குத்தான் உறைக்கும்.

தாளித்த சுண்ணாம்போடு மணல் சேர்த்து அரைத்துச் சுவரில் பூசினால், சூளையில் விட்ட கரியமில வாயுவை அது காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கி மறுபடி கல்லாகிறது. ஒரு நாளில் நடக்கிற காரியமில்லை. கனமான சுவரின் உட்புறம் இறுக வருஷக்கணக்கில் ஆகும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது காரையின் உறுதிக்காக. மயிரிழை விரிசல் விட்டால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதற்குள் படிந்து அடைத்துவிடும். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கட்டத் தொடங்கிய கோட்டை இந்த வகைக் காரையை நம்பி எழுந்ததுதான்.

சிமென்ட் சீக்கிரம் இறுகும், நல்ல பலம். புது வீட்டுக்கு அது இருக்கட்டும். பழைய சுண்ணாம்புச் சுவர்மேல் மட்டும் அதைப் பூசாதீர்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். தாத்தா கட்டிய வீட்டில் காரை பெயர்ந்தால், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள்.