கரண்ட் போனால் சோலரும் ஏன் நிற்கிறது?

2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிறு முற்பகல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. "வெயில் எறிக்கும்போது கூரையிலுள்ள சோலரும் ஏன் நிற்கிறது?" என்று வன்னி வர்த்தகர்கள் சிலர் கேட்பதால் இங்கே விளக்குகிறேன்.

சாதாரண சோலர் இன்வேர்ட்டர் பொது லைனின் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் தாளத்தைப் பின்பற்றியே ஓடும். லைன் போனால் தானும் நிற்கும். இது குறைபாடல்ல, லைனில் வேலை செய்பவரின் உயிருக்கான காவல்.

தனித்து இயங்குவதென்றால் தாளத்தைத் தரும் கருவி ஒன்று வேண்டும். பற்றரியுடன் கூடிய இன்வேர்ட்டரோ ஜெனரேட்டரோ அதைச் செய்யலாம். முதலில் பொது லைனைத் துண்டிக்க வேண்டும். பின்னர் வெயில் கூடினால் பற்றரி மிச்சத்தை வாங்கும், குறைந்தால் கொடுக்கும். லைன் திரும்பியதும் இரு பக்கத்து வோல்ட்டும் தாளமும் ஒத்த பின்னரே இணைக்கலாம். யாழ்ப்பாணம் எழுவைதீவில் காற்று, சூரியன், பற்றரி, டீசல் நான்கையும் சேர்த்து இத்தகைய தனித்தொகுதி ஒன்றை மின்சார சபை அமைத்தது.

எனவே வாங்கும்போது, "லைன் இல்லாமலும் ஓடுமா?" என்று கேட்டு எழுத்தில் பெறுங்கள். பிறிட்ஜ், கணினி, விளக்குகளுக்குத் தனி வயரிங் செய்யுங்கள். அரிசி ஆலை மோட்டார் தொடங்கும்போது வழமையைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும்; சிறிய பற்றரி அதைத் தாங்காது. மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரைக் கடை வயரிங்கில் கொடுக்கவே வேண்டாம். மின்சாரம் வெளி லைனுக்குப் பாய்ந்து ஊழியர் ஒருவரின் உயிரைப் பறிக்கலாம்.

மின்வெட்டால் பழுதாகும் சரக்கின் பெறுமதியை முதலில் கணக்கிடுங்கள். பற்றரி இலாபமா என்பதை அந்தக் கணக்கே சொல்லும்.