தொடுதிரைக்குள் மறைந்திருக்கும் வண்டி: மின்காரின் அமைப்புகளை அறிவோம்

புதுக் கார் வாங்கினால் விளக்கு எங்கே, துடைப்பான் எங்கே, எண்ணெய் மூடியைத் திறக்கும் நெம்பு எங்கே என்று அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. கற்றதைக் கையே நினைவில் வைத்துக்கொள்ளும். மின்கார் அப்படிப்பட்டதன்று. அதன் விசைகளில் பெரும்பாலானவை ஒரு தொடுதிரைக்குள் அடுக்கடுக்காக அடங்கியுள்ளன. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை இருக்கிறது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்காததைத் தேடுவதும் இல்லை. அதனால்தான் வாங்கி ஓராண்டு ஆன பிறகும் தம் வண்டியின் பாதி வசதிகளை அறியாமலேயே பலர் ஓட்டிக்கொண்டிருக்கின்றனர்.

டெஸ்லா நிறுவனம் 2021இல் சிங்கப்பூரிலும் 2023 ஜூலையில் மலேசியாவிலும் விற்பனையைத் தொடங்கியது. பிஒய்டி ஆட்டோ 3 மலேசியாவுக்கு வந்தது 2022 டிசம்பரில். நம் நாட்டு நிறுவனமான புரோட்டோன் தன் முதல் மின்காரான இ.மாஸ் 7ஐ 2024 டிசம்பரில் வெளியிட்டது. இன்று ஏறக்குறைய எல்லாத் தாமான்களிலும் ஒரு மின்காராவது நிற்கிறது. வண்டிக்குப் பணம் கட்டுபவர் அப்பாவாகவோ அண்ணனாகவோ இருக்கலாம். ஆனால், திரையைத் தட்டிப் பார்த்து வீட்டாருக்கு விளக்கிச் சொல்லும் பொறுப்பு பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் தலையில்தான் விழுகிறது. நம் கைக்கு வரும் கையேடுகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அப்படி விளக்கப் போகும் நண்பர்களுக்காகவே இக்கட்டுரை. எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டெஸ்லா மாடல் 3, மாடல் ஒய் ஆகியவற்றிலிருந்து தருகிறேன். மற்ற வண்டிகளில் பெயர்கள் மாறலாம், அடிப்படை ஒன்றே.

1. முதலில் கதவு

மின்காரில் இரண்டு மின்கலங்கள் உள்ளன. சக்கரத்தைச் சுழற்றுவது தரைக்கு அடியில் உள்ள பெரிய மின்கலம். கதவுப் பூட்டு, திரை, விளக்கு ஆகியவற்றை இயக்குவதோ சாதாரணக் காரில் உள்ளதைப் போன்ற, குறைந்த மின்னழுத்தம் கொண்ட சிறிய மின்கலம். பெரியது நிறைந்திருந்தாலும் சிறியது செயலிழந்தால் மின்விசையால் திறக்கும் கதவுகள் திறக்க மாட்டா.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2025 செப்டம்பரில் அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம், 2021ஆம் ஆண்டின் மாடல் ஒய் வண்டிகள் சுமார் 174,000 குறித்து விசாரணையைத் தொடங்கியது. வெளிக் கைப்பிடிகள் வேலை செய்யாததால், பின்னிருக்கையில் பிள்ளையை வைத்துவிட்டு முன்கதவைத் திறக்க வந்த பெற்றோர் உள்ளே போக முடியாமல் தவித்ததாகப் புகார்கள் வந்திருந்தன. சிலர் கண்ணாடியை உடைத்துத்தான் பிள்ளையை வெளியே எடுத்தனர்.

உள்ளேயிருந்து திறக்க, மின்சாரம் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. முன்கதவுகளில், கண்ணாடியை இறக்கும் பொத்தான்களுக்கு முன்னால் ஒரு சிறு நெம்பு இருக்கும். அதை மேல்நோக்கி இழுத்தால் கதவு திறக்கும். பின்கதவுகளில் நிலைமை வேறு. சில வண்டிகளில் கதவுப் பையின் அடியில் ஒரு மூடி இருக்கும். அதை அகற்றினால் உள்ளே இழுக்கும் வடம் தெரியும். வேறு சில வண்டிகளில் பின்கதவுக்கு அப்படி ஒன்றே கிடையாது. உங்கள் வண்டி எந்த வகை என்பதை விபத்து நடக்கும் வேளையில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பகலில், நிறுத்தி வைத்த நிலையில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பாட்டிக்கும் தம்பிக்கும் இது பொருந்தும். அதே வேளையில், இந்த நெம்பை அன்றாடம் பயன்படுத்தக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். மின்பொத்தானை அழுத்தும்போது கண்ணாடி சற்று இறங்கிக் கதவுக்கு வழிவிடும். நெம்பை இழுக்கும்போது அது நடக்காமல் போகலாம். அடிக்கடி இழுத்தால் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் கெடும்.

2. எவ்வளவு மின்னேற்றுவது?

“கைத்தொலைபேசியைப் போல 80 விழுக்காட்டோடு நிறுத்த வேண்டுமா? முழுவதுமாக ஏற்றலாமா?” இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை, மின்கலத்தின் வேதியியலைப் பொறுத்து விடை மாறும்.

நிக்கல் கலந்த லித்தியம் மின்கலங்கள் நிறைந்த நிலையில் நெடுநேரம் இருந்தால், அதிலும் வெப்பத்தில் இருந்தால், விரைவாகத் தேயும். ஆகவே, அன்றாடப் பயணத்திற்கு 80 விழுக்காடு போதும். பினாங்குக்கோ ஜோகூர் பாருவுக்கோ புறப்படும் முந்தைய இரவு மட்டும் 100 வைக்கலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை அதைவிடப் பொறுமைசாலி. அதில் வேறொரு சிக்கல் உண்டு. இடைப்பட்ட நிலைகளில் அதன் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதால், எத்தனை விழுக்காடு மிச்சமிருக்கிறது என்பதை வண்டியின் கணினியால் துல்லியமாகக் கணிக்க இயலாது. முழுவதும் நிறைந்தால்தான் கணக்கு நேராகும். அதனால்தான் இவ்வகை மின்கலம் கொண்ட வண்டிகளை வாரத்திற்கு ஒரு முறையேனும் 100 விழுக்காடு வரை ஏற்றும்படி டெஸ்லா அறிவுறுத்துகிறது. பிஒய்டி ஆட்டோ 3, புரோட்டோன் இ.மாஸ் 7 ஆகியவையும் இந்த இரும்பு பாஸ்பேட் வகையைச் சேர்ந்தவையே.

உங்கள் டெஸ்லாவில் எது உள்ளது? திரையில் “சாஃப்ட்வேர்” பகுதிக்குச் சென்று, வண்டியைப் பற்றிய கூடுதல் தகவல் என்பதைத் தட்டினால் மின்கலத்தின் வகை தெரியும். அதை அறிந்த பின்னரே மின்னேற்ற வரம்பை அமைக்க வேண்டும். அண்டை வீட்டுக்காரர் 80 வைத்திருக்கிறார் என்பதற்காக நாமும் வைப்பது சரியாகாது.

நேரத்தையும் அமைக்கலாம். தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலையில் புதிய மின்கட்டண முறை நடப்புக்கு வந்தது. அதில், நேரத்திற்கேற்ற கட்டணத் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வீட்டுப் பயனீட்டாளர்களுக்கு வார நாட்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். மாலை ஆறு மணிக்கு வடத்தைச் செருகிவிட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகே ஏற்றத் தொடங்கும்படி வண்டியிடம் சொல்லிவிடலாம்.

3. மலையிறக்கமும் மின்சாரமும்

மின்காரில் வேக மிதியிலிருந்து காலை எடுத்தாலே வண்டி மெதுவாகும். சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மோட்டார் மின்னாக்கியாக மாறி, இயக்க ஆற்றல் மின்சாரமாகி மின்கலத்திற்குத் திரும்புகிறது. ஆட்டோ 3 போன்ற வண்டிகளில் இதன் வலிமையை மாற்றும் தேர்வும் உண்டு. பின்னிருக்கையில் அமர்ந்திருப்போருக்குத் தலைசுற்றினால், வலிமையைக் குறைத்துப் பாருங்கள்.

கெந்திங் மலையை எடுத்துக்கொள்வோம். உச்சி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். பயணிகளோடு 2,000 கிலோகிராம் எடையுள்ள ஒரு கார் அங்கிருந்து 1,700 மீட்டர் கீழே இறங்குகிறது என்போம். பள்ளியில் படித்த நிலையாற்றல் சூத்திரத்தின்படி நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 3 கோடியே 33 இலட்சம் ஜூல். அதாவது 9 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதல். இதில் பாதி மட்டும் மீண்டாலும் சமநிலத்தில் 30 கிலோமீட்டர் ஓடலாம்.

ஆனால், மலையுச்சியிலேயே 100 விழுக்காடு ஏற்றிவிட்டு இறங்கினால்? நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்ற முடியாது. திரும்பி வரும் மின்சாரத்தை ஏற்க மின்கலத்தில் இடமில்லாததால் மோட்டாரின் தடுப்பு வலுவிழக்கும். வழக்கம்போல் காலை எடுத்தாலும் வண்டி மெதுவாகாது. பழக்கமில்லாத வாகனமோட்டி திகைத்துப் போவார். மோட்டாரின் தடுப்பு குறையும்போது சாதாரணப் பிரேக்கைத் தானாக இணைத்துக்கொள்ளும் ஓர் அமைப்பு டெஸ்லாவில் உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் காலுக்கு வேறுபாடு தெரியாது. எனினும், அப்போது வேலை செய்வது பிரேக் கட்டைகள்தாம். நீண்ட இறக்கத்தில் அவை சூடேறும். ஆகவே, மலைமேல் ஏற்ற நேர்ந்தால் வரம்பை 80 அளவில் நிறுத்துவதே நல்லது. கேமரன் மலைக்கும் இதுவே விதி.

4. வெயிலைச் சமாளிக்கும் வசதிகள்

புறப்படுவதற்குப் பத்து நிமிடம் முன்பே கைத்தொலைபேசிச் செயலியில் குளிரூட்டியை முடுக்கிவிடலாம். வடம் செருகப்பட்டிருந்தால் அதற்கான மின்சாரத்தை வீட்டிலிருந்தே பெறலாம். புகை வராது என்பதால் மூடிய கொட்டகையிலும் அச்சமில்லை.

“கேபின் ஓவர்ஹீட் புரொடெக்ஷன்” என்னும் அமைப்பு, நாம் இறங்கிய பிறகு 12 மணி நேரம் வரை, உள்வெப்பம் குறிப்பிட்ட அளவைத் தாண்டாமல் காக்க முயலும். அளவை 30, 35, 40 பாகை செல்சியஸ் என மாற்றலாம். காற்றாடி மட்டும் போதும் என்றும் தேர்ந்தெடுக்கலாம். மின்கலம் 20 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அது தானாக நின்றுவிடும். இந்த ஒரு வரியை வீட்டில் அனைவரும் நினைவில் கொள்ள வேண்டும். இந்த வசதி இருக்கிறது என்ற துணிவில் பிள்ளையை வண்டியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவது உயிரோடு விளையாடுவதாகும். “டாக் மோட்” என்பது செல்லப் பிராணிக்காகக் குளிரைத் தொடரச் செய்து, உள்வெப்பத்தைத் திரையில் காட்டும் வசதி. அதுவும் பிள்ளைகளுக்கு உரியதன்று.

5. காவலும் அதன் விலையும்

“சென்ட்ரி மோட்” நிறுத்தி வைத்த வண்டியைச் சுற்றி நடப்பதைக் கேமராக்களால் கண்காணிக்கும். பேரங்காடியில் யாரேனும் இடித்துவிட்டுப் போனால் பதிவு கிடைக்கும். ஆனால், காவல்காரருக்கும் உணவு வேண்டும் அல்லவா? அது 200 வாட் எடுக்கிறது என வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 4.8 யூனிட். தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் பறந்துவிட்டு வருவதற்குள் விமான நிலைய நிறுத்துமிடத்தில் 30 யூனிட்டுக்கு மேல் கரைந்துவிடும். 60 யூனிட் கொள்ளும் மின்கலத்தில் அது பாதி! வீட்டில் நிற்கும்போது இதை அணைத்து வைக்கவும், வெளியில் மட்டும் இயங்கச் செய்யவும் அமைப்பு உண்டு.

திருட்டைத் தடுக்க இதைவிட மலிவான வழி, ஓட்டும் முன் நான்கு இலக்க எண்ணைக் கேட்கும் “பின் டு டிரைவ்”. தொலைபேசியின் சமிக்ஞையை ஏமாற்றிக் கதவைத் திறந்தாலும் எண் தெரியாமல் வண்டி நகராது. தொலைபேசியின் மின்சாரம் தீர்ந்துபோகும் நாளுக்காக அட்டைச் சாவியைப் பணப்பையில் வைத்திருங்கள்.

6. தெரிந்தால் பட்டறைக்குப் போக வேண்டாம்

திரை உறைந்து நின்றால் வண்டியை நிறுத்திவிட்டு, சுக்கானில் உள்ள இரண்டு சிறு உருளைகளையும் ஒருசேர அழுத்திப் பிடியுங்கள். திரை கருத்து மீண்டும் எழும். மின்னேற்றும் வடம் சிக்கிக்கொண்டால் முதலில் கதவுப் பூட்டைத் திறந்து பாருங்கள். பூட்டிய வண்டி வடத்தையும் பிடித்துக்கொள்ளும். அப்போதும் வராவிட்டால், மின்னேற்றம் நின்றிருப்பதை உறுதிசெய்துகொண்டு, பின்பெட்டியின் இடப்பக்கத்தில் உள்ள விடுவிப்பு வடத்தை மெதுவாக இழுக்கலாம்.

ஆட்டோ 3, இ.மாஸ் 7 ஆகியவற்றில் வண்டியிலிருந்தே வெளிக்கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்கும் வசதியும் உண்டு. வெள்ளத்தால் மின்சாரம் தடைபடும் வேளையில் சோறு பொங்கும் கலனுக்கும் விளக்குக்கும் இது போதும். மழைக்காலத்திற்கு முன்பே, அதற்கான இணைப்பி வண்டியில் இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள்.

7. கற்றல் ஒரு நாளில் முடிவதில்லை

மின்காரின் மென்பொருள் இணையம் வழி மாறிக்கொண்டே இருக்கும். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் சுமார் 20 இலட்சம் டெஸ்லா வண்டிகள் “ஆட்டோபைலட்” குறைபாட்டுக்காகத் திரும்பப் பெறப்பட்டன. ஆனால், அவை பட்டறைக்குப் போகவில்லை; நின்ற இடத்திலேயே மென்பொருளால் திருத்தப்பட்டன. நேற்று இருந்த பொத்தான் நாளை இடம் மாறலாம். எனவே, ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் திரையில் வரும் குறிப்புகளை ஐந்து நிமிடம் படித்துவிட்டு ஓட்டுவதே முறை.

இறுதியாக ஒன்று. அம்மாவிடம் “சென்ட்ரி மோட் ஆன் பண்ணுங்க” என்றால் அவர் தலையாட்டுவார். புரிந்ததா என்பது வேறு. “வண்டி காவல் காக்கும், அதற்கு இவ்வளவு மின்சாரம் போகும்” என்று சொன்னால் எப்போது அணைக்க வேண்டும் என்பதை அவரே முடிவு செய்வார். பெயரைச் சொல்வதோடு நிறுத்தாமல் காரணத்தையும் சொல்லுங்கள். அதையும் அவர்களுக்குப் புரிந்த தமிழில் சொல்லுங்கள். தமிழ் கற்ற நாம் வீட்டுக்குச் செய்யக்கூடிய பயனுள்ள தொண்டுகளில் இதுவும் ஒன்று. அடுத்த விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, வண்டியை நிறுத்தி, அனைவரையும் உள்ளே அமர வைத்து, மின்சாரம் இல்லாமல் கதவைத் திறப்பது எப்படி என்பதிலிருந்து தொடங்குங்கள். மற்றவற்றை மெல்லக் கற்கலாம்.