மஞ்சள் மழை பெய்யும் மாடி

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கிறது. கொட்டிவிடுமோ என்ற பயம் போதாதென்று, நிறுத்தி வைத்த கார், காயப்போட்ட வேட்டி எல்லாவற்றிலும் மஞ்சள் புள்ளி விழுகிறதாம். ஆள் வைத்துக் கொளுத்திவிடலாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு.

கொளுத்த வேண்டாம் அம்மா. ஏன் என்பதற்கு முன் அந்தப் புள்ளியின் கதையைக் கேளுங்கள்.

1981-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் அலெக்சாண்டர் ஹேக், லாவோஸிலும் கம்போடியாவிலும் சோவியத் உதவியோடு நஞ்சு தூவப்படுகிறது என்று குற்றம் சாட்டினார். ‘மஞ்சள் மழை’ பெய்ததாக, அங்கிருந்து தப்பிவந்த ஹ்மோங் இன அகதிகள் சொன்னார்கள். இலைகளில் படிந்திருந்த மஞ்சள் புள்ளிகள் சாட்சியாயின. அவற்றை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே அத்தனையும் மகரந்தம். அதுவும் சத்தெல்லாம் செரித்துப்போய் வெறும் தோலாக. ஹார்வர்டு உயிரியலாளர் மாத்யூ மெசல்சனும் தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலியும் 1984-இல் தாய்லாந்துக்கே போய்விட்டார்கள். அங்கே ஒருநாள் அவர்கள் மேலேயே அந்த மழை பெய்தது. தேனீயின் எச்சம்! அண்ணாந்து பார்த்தாலும் கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் அவை பறந்துகொண்டிருந்தன. அந்த அகதிகள் பட்ட துன்பம் பொய்யில்லை. புள்ளிகளுக்கு மட்டும் காரணம் வேறு.

மலைத்தேனீ கூட்டை அசுத்தம் செய்யாது. கூட்டமாகக் கிளம்பி, சில நிமிடம் வெளியே சுற்றி, கழித்துவிட்டுத் திரும்பும். உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளவும் இது உதவுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். உங்கள் காரில் விழுந்ததும் அதுதான். தண்ணீர் ஊற்றித் துடைத்தால் போய்விடும்.

தூரத்திலிருந்து கூட்டைக் கவனித்துப் பாருங்கள். நாம் அடை என்று நினைக்கும் கருந்திரை முழுக்கத் தேனீக்கள்தான். தலை மேலாக, ஒன்றன்மேல் ஒன்று படிந்து, எங்கள் தாத்தா வேய்ந்த கீற்றுக் கூரை போல மழைத்தண்ணீரை வடியவிட்டுத் தொங்குகின்றன. அந்தத் திரைக்குள் ஒரே ஓர் அடை. அதில் தீப்பந்தத்தை வைத்தால் பாதி கருகி விழும். தப்பியவை வழியில் போகிற பள்ளிப் பிள்ளையைக் கொட்டும். தோலில் தங்கிய கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை மற்றத் தேனீக்களையும் அங்கேயே இழுக்கும். பெரிய மரங்களை வெட்டி வீடு கட்டிய நாம், தங்க இடம் தேடி வந்ததை எரிப்பது எனக்கு ஒப்பவே இல்லை. நம் தோட்டங்களில் காய் பிடிப்பதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

கதண்டு என்கிற பெரிய குளவி என்றால் வேறு பேச்சு. அது திரும்பத் திரும்பக் கொட்டும், உயிரையே வாங்கியிருக்கிறது. வீட்டருகே கூடு கண்டால் தாமதிக்காமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். மலைத்தேனீயும் ஆள் நடமாடும் வாசலிலேயே கட்டியிருந்தால் அப்படித்தான். யாரையாவது பல இடங்களில் கொட்டிவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

உங்கள் கூடு இருப்பது தொட்டிக்கு அடியில். அந்தப் பக்க மாடிக்கதவைப் பூட்டிவையுங்கள். இரவில் அந்தத் திசை விளக்குகளை அணைத்துவிடுங்கள். வெளிச்சத்துக்கு அவை வரும். பூக்காலம் முடிந்தால் தாமாகவே இடம்பெயரும். அதன் பிறகு காலி அடையைச் சுரண்டியெடுத்து, தொட்டிக்கு அடியில் கம்பி வலை அடித்துவிடுங்கள்.