தந்தியின் மேல் சறுக்கும் இரும்பு

உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்து அலமாரியில் சுரமானி என்று ஒரு நீண்ட பெட்டி இருக்கும். அதன் மேல் ஒரு கம்பி, அடியில் இரண்டு கத்தி முனைகள், ஓரத்தில் எடைகள். செய்முறைத் தேர்வு முடிந்ததும் அதைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவோம். அந்தப் பெட்டியை ஒருநாள் வெளியே எடுத்துக் கம்பியை மீட்டுங்கள். ஒலி அடங்குவதற்குள் ஒரு கனமான இரும்பு உருளையைக் கம்பியின் மேல் மெல்ல வைத்து நகர்த்துங்கள். சுரம் வழுக்கிக்கொண்டே மேலே ஏறும். ஒரு பெரிய இசைக்குடும்பம் முழுவதும் இந்த ஒரே செயலில் அடங்கியிருக்கிறது.

அக்குடும்பத்தில் நம் வீட்டுப் பிள்ளை கோட்டுவாத்தியம். சித்திரவீணை என்றும் அதைச் சொல்வார்கள். பார்வைக்கு வீணை போலவே இருக்கும். ஆனால் வீணையின் கழுத்தில் மெழுகில் பதித்த வெண்கல மெட்டுகள் இதில் இல்லை. வலக்கை விரல்கள் மீட்ட, இடக்கையில் பிடித்த உருளைக் கட்டை தந்திகளின் மேல் வழுக்கிச் செல்லும். கட்டை கருங்காலியில் கடைந்ததாக இருக்கும். இந்நாளில் டெஃப்லானிலும் செய்கிறார்கள். மீட்டும் தந்திகளுக்குக் கீழே, தொடாமலே கூடவே ஒலிக்கும் துணைத் தந்திகளும் உண்டு. திருவிடைமருதூர் சகாராம ராவ் இவ்வாத்தியத்தைத் தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் நிலைநிறுத்தியவர். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் இசை பயின்றார். பின்னர் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மைசூர் அரண்மனை வித்துவானாக விளங்கிய நாராயண ஐயங்காரும் புகழ் பெற்றார்கள். இன்று வீணை வாசிப்பவர்களோடு ஒப்பிட்டால் கோட்டுவாத்தியம் வாசிப்பவர்கள் மிகச் சிலரே.

கடல் கடந்த உறவினர் ஒருவரும் இருக்கிறார். பசிபிக் பெருங்கடலில் உள்ள ஹவாய்த் தீவுகளில் 1880-களில் ஜோசப் கெக்குக்கு என்ற பள்ளிச் சிறுவன் கித்தாரை மடியில் படுக்க வைத்து, தந்திகளின் மேல் இரும்புத் துண்டை ஓட்டி வாசிக்கத் தொடங்கினான். இரயில் பாதையோரம் கிடந்த ஒரு போல்ட்டை எடுத்ததில்தான் எல்லாம் தொடங்கியது என்று ஒரு கதை சொல்வார்கள். சிறுவன் உங்கள் வயதுக்காரன்தான்! இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த 'ஹவாயன் கித்தார்' அமெரிக்கா முழுவதும் பரவியது. 1940-களில் டாவ் மோ என்ற ஹவாய்க் கலைஞர் தம் குடும்பத்துடன் கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பிரிஜ் பூஷண் காப்ரா அதே கித்தாரில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். 1967-இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் பங்கேற்ற இசைத்தட்டு மிகவும் பேசப்பட்டது. விசுவமோகன் பட், கித்தாரில் துணைத் தந்திகளைச் சேர்த்து மோகன வீணை என்று பெயரிட்டார். 1994-இல் அவருக்குக் கிராமி விருது கிடைத்தது.

சரி, இரும்பு எதற்கு? விரலாலேயே தந்தியைத் தொட்டு நகர்த்தினால் என்ன? வயலினிலும் மெட்டுகள் இல்லை, விரலால்தானே வாசிக்கிறார்கள்? இந்த ஐயம் உங்களுக்கு எழுந்திருந்தால் நல்லது. விடை வில்லில் இருக்கிறது. வயலின் தந்திக்கு வில் ஓயாமல் ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. மீட்டும் தந்திக்கோ ஒரே ஒரு முறைதான் ஆற்றல் கிடைக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் அது ஒலித்து முடிக்க வேண்டும்.

மீட்டிய தந்தியில் அலை இரு முனைகளுக்கும் ஓடி ஓடித் திரும்புகிறது. ரப்பர்ப் பந்தை மதிற்சுவரில் எறிந்தால் விசையோடு திரும்பி வரும். கொடியில் தொங்கும் சாக்கில் எறிந்தால்? சாக்கு அசையும், பந்து காலடியில் விழும். விரல் நுனிச் சதை சாக்கைப் போன்றது. ஒவ்வொரு முறையும் அலையின் ஆற்றலில் ஒரு பங்கை விழுங்கிவிடும். கடினமும் கனமும் உள்ள உருளை மதிற்சுவரைப் போல் அலையைத் திருப்பி அனுப்பும். கடினம் மட்டும் போதாது. தந்தி உருளையையும் சேர்த்து ஆட்டப் பார்க்கிறது. உருளையின் நிறை மிகுந்திருந்தால் நிலைமமும் மிகுந்திருக்கும், அது அசையாது.

இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு மீட்டர் நீளப் பலகை வேண்டும். நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை எதிலும் துண்டுப் பலகைக்குப் பஞ்சமில்லை. கடைசல் பட்டறையில் கேட்டால் 2 சென்டிமீட்டர் விட்டமும் 8 சென்டிமீட்டர் நீளமும் உள்ள எஃகுத் தண்டை வெட்டி, முனைகளை மழுக்கித் தருவார்கள். அதன் எடை ஏறக்குறைய 200 கிராம் இருக்கும் (எஃகின் அடர்த்தியைக் கொண்டு கணக்கிட்டுச் சரிபாருங்கள்). கஞ்சமலையின் இரும்புத் தாதும் 1981-இல் உற்பத்தியைத் தொடங்கிய உருக்காலையும் உள்ள ஊரில், சறுக்குக் கட்டைக்கு எஃகு தேடி அலைய வேண்டியதில்லை!

கம்பி மட்டும் கவனம். வேலிக்குக் கட்டும் நாகம் பூசிய கம்பி உதவாது; இழுத்தால் நீளும், பிறகு அறும். இசைக்கருவிக் கடையில் 0.4 மில்லிமீட்டர் தடிமனுள்ள கித்தார் தந்தி வாங்குங்கள். பலகையை மேசையோடு இறுகக் கட்டி, தந்தியின் ஒரு முனையை ஆணியில் மாட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு மரக் குதிரைகளை 72 சென்டிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். மறுமுனையை மேசை விளிம்பில் தொங்கவிட்டு, ஒரு வாளியைக் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றுங்கள். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். தந்தி அறுந்தால் காலில் விழும். முகத்தையும் தந்திக்கு நேரே கொண்டுபோகாதீர்கள்.

வாளியும் தண்ணீருமாக 5 கிலோ ஆகும்போது தந்தி விநாடிக்குச் சுமார் 155 முறை அதிரும். பாடகர்கள் கணக்கில் இது இரண்டரைக் கட்டை. இன்னும் அரைக்கட்டை ஏற்ற வேண்டுமா? மூன்று தம்ளர், அதாவது 600 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுங்கள். அதிர்வெண் இழுவிசையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், 6 விழுக்காடு சுருதி ஏற 12 விழுக்காடு எடை வேண்டும். பிருடை திருகுவதற்குப் பதில் தம்ளர்!

இனி எஃகுத் தண்டைத் தந்தியின் மேல் வையுங்கள். அழுத்த வேண்டாம், தந்தி பலகையைத் தொடக்கூடாது. மீட்டும் பகுதியின் நீளம் 64 சென்டிமீட்டர் என்றால் ரி கேட்கும். 57.6 க, 54 ம, 48 ப, 43.2 த, 38.4 நி, 36-இல் மேல் ஸ. இவை சங்கராபரணத்தின் சுரங்கள். இடங்களைப் பென்சிலால் குறித்துவைத்து, பிறகு குறிகளுக்கு நடுவே தண்டை நகர்த்திக் கேளுங்கள். ரியிலிருந்து கவுக்குப் படியேறிப் போவது வேறு. வழுக்கிப் போவது வேறு. கமகம் என்று நம் இசையில் சொல்வது இந்த இரண்டாம் வகை வழியில்தான் பெரும்பாலும் வாழ்கிறது. வீணையில் அதற்காகத் தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுக்கிறார்கள்.

ஆனால் மெட்டு இல்லாத உரிமைக்கு விலை உண்டு. ஸவிலிருந்து முதல் அரைச்சுரம் ஏற ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நகர வேண்டும். மேல் ஸவுக்கு அப்பால் அதே அரைச்சுரத்துக்கு 2 சென்டிமீட்டர்தான். மேலே போகப் போக ஒரு மில்லிமீட்டர்ப் பிழையும் காதில் இருமடங்காக விழும். கையை வழிநடத்தக் காதைத் தவிர வேறு துணை இல்லை. சறுக்கு வாத்தியங்களைப் பலர் தொடங்கிப் பாதியில் விடுவதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம்.

பென்சில், சின்ன மருந்துக் குப்பி, எஃகுத் தண்டு மூன்றையும் ஒரே இடத்தில் வைத்து மீட்டி, ஒலி எத்தனை விநாடி நிற்கிறது என்று குறியுங்கள். தண்டுக்குப் பின்னால் எஞ்சிய தந்தியும் முனகும். அதை ஒரு விரலால் தொட்டு அடக்கலாம். கை தேர்ந்த வாத்தியக்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள்.

இவ்வளவு படித்த பிறகு, சேலத்திலோ நாமக்கல்லிலோ கோடை விடுமுறையில் பத்து நாள் சறுக்கு வாத்திய முகாம் ஒன்று நடந்தால் நன்றாயிருக்குமே என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். நடத்தலாம். சாதாரணக் கித்தாரிலேயே தலைப்பக்கத்துக் குதிரையை உயர்த்திவிட்டால் பழகப் போதும். கோட்டுவாத்தியம் ஒன்றே ஒன்று, ஆசிரியரிடம் இருந்தால் சரி. ஆனால் வாசிப்பவர்களே சிலராக இருக்கும்போது, ஓர் ஆசிரியர் சென்னையிலிருந்து நான்கு பேருக்காக வருவாரா? எத்தனை பேர் சேருவார்கள் என்று முன்கூட்டியே அறிய வேண்டும். இதுவும் ஓர் அளவீடுதான். இதிலும் பிழை நேரும்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில், 'யாருக்கு விருப்பம்? கை தூக்குங்கள்' என்று கேட்டால் பக்கத்துப் பையன் தூக்கியதற்காகவே நாற்பது கைகள் உயரும். பாட்டு வகுப்புக்குப் போகிறவர்களை மட்டும் கேட்டால், இயந்திரத்தில் ஆசை கொண்டு இதற்கு வரக்கூடியவர்கள் விடுபட்டுப் போவார்கள். இராசிபுரம், சேந்தமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வருபவருக்கு ஆசை இருக்கும், மாலை ஐந்து மணிக்கு மேல் பேருந்து இருக்காது. மே மாதத்தில் தறிக்கோ மாந்தோப்புக்கோ போய் வீட்டுக்குச் சம்பாதிக்கும் மாணவர்களும் உண்டு. ஆகவே விருப்பத்தோடு எந்த வாரம், எந்த நேரம் என்பதையும் கேளுங்கள்.

அதைவிட நல்ல வழி, பலகையையும் வாளியையும் ஒரு வாரம் பள்ளித் தாழ்வாரத்தில் வைத்துவிடுவது. பக்கத்தில் ஒரு குறிப்பேடு. முதல் நாள் வருபவர்கள் வேடிக்கை பார்க்க வருபவர்கள். அந்த எண்ணிக்கையை நம்ப வேண்டாம். நான்காம் நாளும் வந்து, தம்ளரில் தண்ணீர் எடுத்துச் சுருதி சேர்ப்பவர்களின் பெயரைத் தனியே எழுதுங்கள். அப்படிப் பன்னிரண்டு பெயர்கள் சேர்ந்தால், குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போகலாம்.