ஒரு பனங்கொட்டையின் பிரயாணம்

மனிதனுக்கு இயற்கை அளித்திருக்கும் தின்பண்டங்களில் உமக்கு மிகவும் உகந்தது எது என்று சித்திரை மாதத்தில் யாரேனும் என்னைக் கேட்டால், நுங்கு என்று சற்றும் தயங்காமல் சொல்லுவேன்; அதே கேள்வியைத் தை மாதத்தில் கேட்டால், பனங்கிழங்கு என்று அதே உறுதியோடு சொல்லுவேன். நிலையான அபிப்பிராயம் இல்லாத மனிதர் என்று கேட்டவர் எண்ணிக்கொள்ளக் கூடும். ஆனால் அவ்விரண்டும் உண்மையில் ஒரே விடைதான். நுங்காக இருந்தபோது நம்முடைய கைக்குத் தப்பிய அதே பொருள்தான் இறுகி, மண்ணை அடைந்து, உருமாறி, எட்டு ஒன்பது மாதங்களுக்குப் பிறகு கிழங்காக நம்முடைய கைக்கு வந்து சேருகிறது. இத்தொடரில் சென்ற வாரம் நாவல் மரத்தடியில் நின்ற நாம், இவ்வாரம் ஒரு பனங்கொட்டையின் பின்னே கொஞ்ச தூரம் நடந்து பார்க்கலாம்.

திருச்செந்தூர், உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிகளைக் கண்டவர்களுக்குப் பனையின் சுபாவத்தை விவரிக்க வேண்டியதில்லை. வேறு எந்த விருட்சமும் வேரூன்ற யோசிக்கும் அந்த மணலில், நூறடி உயரம் வரையிலும் கூட வளர்ந்து, திங்களுக்கு ஓர் ஓலை என்னும் கணக்கில் குருத்து விரித்துக்கொண்டு அது நிற்கும். தாவர சாஸ்திரிகள் அதை நெல்லோடும் புல்லோடும் சேர்த்து ஒருவித்திலைத் தாவரம் என்று வகுக்கிறார்கள். வைரம் புறத்தே இருப்பது புல், அகத்தே இருப்பது மரம் என்று தொல்காப்பியத்தின் மரபியல் வகுத்த இலக்கணமும் பனையைப் புல்லின் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது. வேம்பும் புளியும் ஆண்டுதோறும் பருப்பதற்கு ஏதுவாகப் பட்டைக்கு உள்ளே அமைந்திருக்கும் அந்த உயிர்ப்படலம் பனைக்குக் கிடையாது. ஆகையால் வெட்டிய பனையில் ஆண்டு வளையங்களும் இல்லை. வெளிப்புறம் இரும்பாகக் கறுத்து வைரம் பாய்ந்திருக்க, நடுவே மிருதுவான சோறு மட்டுமே இருக்கும். வளரும் நுனியும் உச்சியில் ஒன்றே ஒன்றுதான். அதை இழந்தால் மரமே மாண்டுபோகும்.

இனி நுங்குக்கு வருவோம். குலையோடு இறக்கிய காயின் தலையை அரிவாளால் சீவி எறிந்தால், வெளிறிய சதைக்கு நடுவே மூன்று கண்கள் தெரியும். சில காய்களில் இரண்டு, அருமையாக ஒன்று. பெருவிரலைக் கண்ணின் ஓரமாக நுழைத்து ஒரு சுழற்றுச் சுழற்றி வாயருகே கொண்டுபோய் உறிஞ்ச வேண்டும். இளசாக இருந்தால், விரல் பட்ட மாத்திரத்திலேயே உள்ளிருக்கும் நீர் பீறிட்டு மூக்கு வரையில் தெறிக்கும். அந்த நீரும், அதைச் சூழ்ந்து நடுங்குகிற அந்தத் தெளிந்த சதையும், அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலின் துவர்ப்பும் ஒருசேர நாவில் படும் அந்தக் கணத்திற்காக, வெயிலில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கலாம். பட்டணத்தில் தோலை உரித்துவிட்டுத் தின்கிறார்கள். தோலோடு தின்பதே முறை என்பது எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் தீர்ப்பு. எனக்கும் அது பூரண சம்மதம். அந்தத் துவர்ப்பு இல்லாவிட்டால் நுங்கின் மெல்லிய தித்திப்பு நாவில் தங்குவதில்லை.

நாம் இவ்வளவு ஆவலோடு உறிஞ்சும் அந்தப் பொருள் யாது? அது பழத்தின் சதை அன்று. வித்தினுள் இருக்கும் வெண்சதை. நெடும்பயணம் போகப்போகிற பிள்ளைக்குத் தாய் கட்டிக் கொடுக்கும் கட்டுச்சோற்றை ஒத்தது அது. இன்னும் முளைக்காத பனங்கன்றுக்குத் தாய்ப்பனை முன்கூட்டியே சேகரித்து வைக்கும் ஆகாரம். முதலில் அது வெறும் நீராக இருக்கிறது. பிறகு ஓரங்களிலிருந்து உள்நோக்கி மெல்லப் படிந்து இளகிய சதையாகிறது. அந்தப் பருவத்தில்தான் நாம் குறுக்கே புகுகிறோம். நாட்கள் செல்லச் செல்ல அது தேங்காய்ப் பருப்பாக இறுகி, கடைசியில் பல்லுக்கும் கத்திக்கும் எளிதில் வசப்படாத கல்லாகிவிடுகிறது. நெல்லைப் போன்ற தானியங்கள் தங்கள் ஆகாரத்தை மாவாகச் சேமிக்கின்றன. பனையோ அதை மன்னான் என்னும் வகையைச் சேர்ந்த சர்க்கரைத் தொடர்களாக்கி, செல்களின் சுவர்களிலேயே திணித்து வைக்கிறது. இளமையில் அந்தத் தொடர்கள் நீரில் ஊறி வழவழப்பாக இருப்பதனால் நுங்கு நுங்காக இருக்கிறது. முற்றும்போது அவை நீரை விட்டு நெருங்கி இறுகுகின்றன. இளநுங்குக்கும் முற்றிய நுங்குக்கும் இடையே இருப்பது மிகச் சில நாட்களே. குலையைத் தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தே, இன்றைக்கு இறக்கலாமா, நாலு நாள் போகட்டுமா என்று பிழையில்லாமல் சொல்லுகிற பனையேறிகளின் பார்வையை நான் எந்தப் பட்டப் படிப்புக்கும் குறைந்ததாக மதிப்பதில்லை.

நுங்கைத் தின்ற பிறகும் அதனால் கிடைக்கும் ஆனந்தம் தீர்ந்துபோவதில்லை. கண்கள் மூன்றும் காலியான இரண்டு கூடுகளை எடுத்து, ஒரு குச்சியை அச்சாக்கி இரண்டையும் அதன் இரு முனைகளிலும் செருகி, நீண்ட கவட்டைக் குச்சி ஒன்றை அச்சின் நடுவே கொடுத்துத் தள்ளினால் நுங்கு வண்டி தயார். பால்ய பருவத்தில் எங்கள் தெருவில் ஓடிய வாகனங்களில் அதுவே மிகுதி. வண்டி நேராக ஓடுவதற்கு இரண்டு கூடுகளும் ஒரே பருமனாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தால் வண்டி அந்தப் பக்கமாகவே வட்டமிடும். ஆகவே தின்பதற்கு முன்பே சமமான ஜோடிக் காய்களைத் தேர்ந்து எடுத்து வைப்போம். பனையோலைக் கீற்றை மடித்துக் கருவேல முள்ளில் குத்திச் செய்யும் காற்றாடியும் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மேல்காற்றை எதிர்த்து ஓடாத குழந்தை அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் இருந்திருக்காது.

நம்முடைய அரிவாளுக்குத் தப்பிய காய்கள் ஆடி ஆவணியில் பழுத்து விழும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்னும் பழமொழியில் ஒரு நல்ல விஞ்ஞானம் அடங்கியிருக்கிறது. பழம் முற்றியதும் காம்பில் ஒரு பிரிவுப் படலம் உண்டாகி, பிடிப்பை நாளுக்கு நாள் தளர்த்திக்கொண்டே வருகிறது. காக்கை வந்தாலும் வராவிட்டாலும் அந்தப் பழம் அன்று விழுந்தே தீரும். விழுந்த பழத்தைத் தணலில் சுட்டு, கறுத்த தோலை உரித்து, பொன்னிறத் தும்பைப் பல்லால் இழுத்து இழுத்துச் சப்பினால், இனிப்பும் ஓர் இலேசான கசப்பும் கலந்து வரும். அந்த வாசனை தெருக்கோடி வரை போகும். யாழ்ப்பாணத்தார் அந்தச் சாற்றைப் பிழிந்து பாயில் படலம் படலமாக ஊற்றி உலர்த்திப் பனாட்டு என்று ஆண்டு முழுவதற்கும் வைத்துக்கொள்ளுகிறார்கள். எனக்குச் சுட்ட பழமே போதும்.

சப்பி எறிந்த கொட்டையிலிருந்துதான் உண்மையான ஆச்சரியம் தொடங்குகிறது. சாதாரணமாக ஒரு விதை முளைத்தால் வேர் கீழேயும் குருத்து மேலேயும் போவதைக் காண்கிறோம். பனங்கொட்டையோ குருத்தையே முதலில் கீழே அனுப்புகிறது. கொட்டையிலிருந்து வெளிப்படும் ஒரு வெண்மையான குழல், உயிருள்ள கருவைத் தன் நுனியில் தாங்கிக்கொண்டு, மண்ணுக்குள் இரண்டடி, சில சமயம் அதற்கு மேலும் இறங்கிச் செல்லுகிறது. அந்த ஆழத்தில் ஈரம் கண்ட இடத்தில்தான் கீழே வேரும் மேலே இலையுமாகக் கன்று பிரியும். தேரியில் காட்டுத்தீ பரவினாலும், ஆடு மாடு மேய்ந்தாலும், கோடை மணல் கொதித்தாலும், வளரும் முனை பூமிக்குள்ளே பத்திரமாக இருக்கிறது.

ஆனால் ஆகாரம் மேலே கொட்டைக்குள் கல்லாக இருக்கிறது. உண்ணவேண்டிய கன்றோ இரண்டடி கீழே இருக்கிறது. இந்தச் சிக்கலைப் பனை தீர்த்துக்கொள்ளும் விதந்தான் என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது. முளைக்கத் தொடங்கிய கொட்டையின் உள்ளே, வித்திலையின் ஒரு பகுதி வெண்மையாக, துளைகள் நிறைந்து, மெத்தென்று பருத்து வளருகிறது. அது வளர வளரச் சுற்றிலும் இறுகிக் கிடந்த வெண்சதையைக் கரைத்துச் சர்க்கரையாக்கி, தான் உறிஞ்சிக்கொண்டு, அந்தக் குழல் வழியாகக் கீழே அனுப்புகிறது. கொட்டையை வெட்டினால் அகப்படும் அந்த வெண்பந்துதான் தவுண். யாழ்ப்பாணத்தில் அதைப் பூரான் என்பார்கள். வாயிலிட்டதும் மெல்லிய இனிப்போடு கரைந்துபோவதால், குழந்தைகள் அதற்காகக் கொட்டை வெட்டுகிறவரைச் சுற்றிக் குந்திக்கொள்ளும். கொட்டையின் வைரம் பாய்ந்த ஓடு ஒரே வெட்டில் பிளந்து, அந்தப் பந்து முழுமையாக வெளிவந்தால் பெற்றவன் பாக்கியசாலி. நுங்காக நீர்த்து, கல்லாக இறுகிய அந்த ஆகாரமே மீண்டும் இளகி, பிரயாணத்தின் நடுவழியில் ஓரிடத்தில் தங்கியிருக்கும்போது நாம் அதை வழிமறித்து உண்ணுகிறோம்.

வழிமறிக்காமல் விட்டால் அது கீழே போய்க் கிழங்காகிறது. பெயர் கிழங்கானாலும் அது வேர் அன்று. இளங்குருத்தைச் சுற்றியிருக்கும் உறை, மேலிருந்து வரும் ஆகாரத்தை மாவாக்கித் தன்னுள் நிரப்பிக்கொண்டு தடித்ததே பனங்கிழங்கு. ஆழ்ந்து இறங்கும் சுபாவம் உடையதைத் தோண்டி எடுப்பது கஷ்டமாகையால், ஆவணி புரட்டாசியில் இளகிய மணலைத் தரைக்கு மேலே பாத்தியாகக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி வைப்பார்கள். மார்கழி தையில் பாத்தியைக் கலைத்தால், ஒவ்வொரு கொட்டையின் கீழும் முழ நீளத்திற்கு ஒரு கிழங்கு நிற்கும். மஞ்சளும் உப்பும் இட்டு அவித்த கிழங்கை நடுவே இரண்டாகப் பிளந்து, உள்ளே இருக்கும் மெல்லிய குருத்தை முதலில் தின்றுவிட்டு, பிறகு நாரை உரித்து உரித்துக் கடித்து மென்று தின்ன வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஏற்ற பண்டம் அன்று அது. பொங்கலன்று மாலையில், திண்ணையில் உட்கார்ந்து, பேச்சும் கிழங்குமாக ஒரு நாழிகையைக் கழிப்பதைக் காட்டிலும் சுகமான பொழுதுபோக்கை நான் அறியேன். யாழ்ப்பாணத்து மக்கள் கிழங்கைப் பச்சையாகக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்கி, அதன் மாவில் மீனும் நண்டும் கீரையும் இட்டுக் காய்ச்சும் கூழ், பனை கொடுக்கும் உணவுகளுள் மிகவும் கம்பீரமானது என்பது அதைச் சுவைத்தவனாகிய என் கருத்து.

பனந்தோப்பில் வெறுமனே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதும் எனக்குப் பிடித்த பொழுதுபோக்கு. கிணற்றின் மேல் சாய்ந்த பனையின் ஓலை நுனிகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டும் காலத்தில் அதற்கு ஈடான காட்சி இல்லை. ஆண் குருவி ஓலையின் ஓரத்தில் அலகால் ஒரு வெட்டு வெட்டி, நாரைக் கவ்வியபடியே பறந்து, நீளமாகக் கிழித்துக்கொண்டு போகும். கூடு பாதி உருவானதும் வேலையை நிறுத்தி, சிறகடித்துக் கூவிப் பெண் குருவிகளை அழைக்கும்; பெண் வந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதிப் பாதி. பம்பாய்க்கு அருகே கிஹிம் என்னும் கடற்கரைக் கிராமத்தில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதை நாள்தோறும் இருந்து கவனித்து, ஓர் ஆண் ஒன்றன்பின் ஒன்றாகப் பல கூடுகளைக் கட்டிப் பல பெண்களோடு குடும்பம் நடத்துவதை 1931இல் எழுதி வெளியிட்டார். கூட்டின் உட்சுவரில் குருவி ஒட்டிவைக்கும் களிமண்ணில் மின்மினியைப் பதித்து விளக்கேற்றுகிறது என்ற பழைய நம்பிக்கை அழகானதே. ஆனால் அங்கே மண் உண்டு, மின்மினி இல்லை. இன்னும் சற்று உயரத்தில், ஓலையின் அடிப்புற மடிப்பில், இறகையும் பஞ்சையும் தன் உமிழ்நீரால் ஒட்டிக் கூடமைத்திருக்கும் பனை உழவாரனைக் காணக் கூர்மையான கண் வேண்டும். தரையில் நடக்க உதவாத கால்களை உடைய அந்தச் சிறு பறவைக்கு, பனையோலையைத் தவிர வேறு வீடு அருமை.

801 வகைப் பயன்களைக் கணக்கிட்டுத் தால விலாசம் என்று ஒரு நூலே செய்து போற்றிய மரத்தை, இன்று செங்கல் சூளைக்கு விறகாக வெட்டிச் சாய்க்கும்போது என் நெஞ்சு பதைக்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரம் அது; மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என்று 2021இல் அரசாங்கம் அறிவித்ததை நான் மனமார வரவேற்றேன். வெட்ட ஒரு பொழுது போதும். முளைத்த கன்று வடலியாகித் தரையோடு கிடந்து, அடித்தூர் முழுப்பருமன் பெறுவதற்கே பல ஆண்டுகள் செல்லும். அதன் பிறகே அது உயரத் தொடங்கும். ஆணா பெண்ணா என்று தெரிவது பாளை விடும்போதுதான். அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை ஆகலாம். நுங்கு தருவது பெண்பனை மட்டுமே. ஆகையால், புரட்டாசியில் கிழங்குக்கென்று கொட்டை அடுக்குகிற அன்பர்கள், அவற்றுள் ஒரு கூடையைத் தனியே எடுத்துக் குளக்கரையிலும் வரப்போரத்திலும் ஊன்றிவிடுமாறு கேட்டுக்கொள்ளுகிறேன். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வேலி கட்ட வேண்டாம். மழை பெய்தால் மீதியைக் கொட்டையே பார்த்துக்கொள்ளும்.

ஆண்பனை எதற்கு என்று கேட்பீர்கள். மகரந்தம் தருவதோடு, பாளை சீவினால் அதுவும் பெண்பனையைப் போலவே பதநீர் தரும். கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீராக நிற்பதும், தடவாவிட்டால் கள்ளாகிவிடுவதும் எதனால் என்பதையும், பதநீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலியில் அது கொதித்துச் சிரட்டையில் கருப்பட்டியாக உறையும் கிரமத்தையும் அடுத்த இதழில் எழுதுகிறேன்.